ஆனை பார்க்கப் போறதுக்கு முதல்

பரீட்சை முடிந்த கையோடு பெட்ச் ட்ரிப் பேச்சு தொடங்கினா எங்கட குழுவில எப்பவும் ரெண்டு கட்சிதான். ஒன்று நுவரெலியாக் கட்சி, மற்றது சபாரிக் கட்சி. இந்த வருசம் சபாரிக் கட்சி வென்றுவிட்டது. கல்லோயாவா, குமனையா, யாலவா என்ற இரண்டாம் சுற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் வவுணதீவுப் பக்கத்து நண்பர்கள் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார்கள். "ஆனை பார்க்கக் காசு கட்டிப் போகணுமா மச்சான்? வெள்ளாமை விளையிற நேரம் எங்கட வட்டைக்கு வாங்க. சும்மா காட்டுறம்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் கேள்வி லேசானதல்ல. படுவான்கரையில் ஆனை என்றால் விடிய விடியக் கண்விழிக்கிற வேலை. அதே ஆனையை நூறு கிலோமீற்றர் தள்ளிப் போய், ஜீப் பிடித்து, டிக்கற் எடுத்து, கமராவோடு பார்த்தால் அது விடுமுறை. ஒரே மிருகம் எப்படி இந்த ரெண்டுமானது? காட்டு மிருகம் பார்க்க 'ஆயத்தமாகிப் போறது' என்ற பழக்கம் யாரிடமிருந்து வந்தது, அந்த ஆயத்தத்தில் எங்கட கிழக்கு மனிசர் எந்த இடத்தில் நின்றார்கள் என்று தேடிப் பார்த்தோம். ட்ரிப்புக்குச் சாமான் பட்டியல் போட உட்கார்ந்தவர்கள் வரலாற்றுப் பட்டியலில் போய் விழுந்த கதை இது.

முதலில் சொல். சபாரி ஆங்கிலச் சொல் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். அது சுவாஹிலி; அதற்கும் முதல் அரபு. அரபியில் 'சபர்' என்றால் பயணம். காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூரப் பயணம் போறவர் சபரில் இருக்கிறார் என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்லுவார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சாமான் சுமந்து போன வணிகக் கூட்டங்களின் நெடும் பயணந்தான் சபாரி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயப் பயணிகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது வேட்டைப் பயணமாச்சு, அதற்கும் பிறகுதான் படம் பிடிக்கிற பயணம்.

அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஊன்றுவதற்கு முன்னமே காரியம் இலங்கையில் நடந்துகொண்டிருந்தது. அப்போது அதற்குப் பெயர் 'ஜங்கிள் ட்ரிப்'. 1848 முதல் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1854இல் இலங்கை வேட்டையைப் பற்றித் 'துப்பாக்கியும் வேட்டைநாயும்' என்று தலைப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார். மலையிலிருந்து இறங்கி, ஊவா அடிவாரத்தில் இருந்து கிழக்குக் கரைப் பக்கம் விரியும் புல்வெளிக் காடுகளுக்கு அவர் அடிக்கடி வந்திருக்கிறார். அந்தப் பிரதேசத்துக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயரைக் கேளுங்க: 'பார்க்'. தேசிய பூங்கா என்று ஒன்று வருவதற்கு ஏறத்தாழ நூறு வருசத்துக்கு முதலே எங்கட காட்டுக்குப் பூங்கா என்று பெயர். அவர்களுடைய கண்ணுக்கு அது யாரோ பிரபு வைத்து வளர்த்த வேட்டைத் தோட்டம் மாதிரித் தெரிந்திருக்கிறது. அங்கே சேனை செய்தவனும் தேன் எடுத்தவனும் அந்தப் படத்துக்குள் வரவில்லை.

இந்தப் பயணங்களின் ஆயத்தம் சின்ன விசயமில்லை. கூடாரம், மடக்குக் கட்டில், சமையற் பாத்திரம், மருந்து, வெடிமருந்து, ஈயம், பல துவக்குகள், குதிரைகள், நாய்கள். இவ்வளவையும் சுமக்கக் கூலியாட்கள், சமைக்க ஒருவர், குதிரை பார்க்க ஆட்கள், துவக்கை நிரப்பிக் கையில் கொடுக்கிறவர்கள், தடம் பார்க்கிற ஊரவர்கள். துரை ஒருவர் காட்டில் ரெண்டு மூன்று கிழமை இருக்க வேண்டுமென்றால் ஒரு சின்னக் கிராமமே கூட நடக்க வேணும். புத்தகங்களில் துரையின் பெயர் அட்டையில் இருக்கிறது. சுமந்தவர்கள் பெரும்பாலும் வெறும் தொகை, வெறும் 'கூலிகள்'. தடம் பார்த்தவன் காட்டிய திசையில்தான் துரை சுட்டார் என்றாலும் கணக்கு துரையின் பேரில்.

கணக்கு என்றால் சாதாரணக் கணக்கல்ல. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட ஆனைகளைக் கொன்றார் என்று சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். (மட்டக்களப்பு வாவியில் இரவில் பாடும் ஒலியைத் தோணியில் போய்க் கேட்டு எழுதிய அதே டெனன்ட்தான்.) 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் செத்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் இடி விழுந்தது என்று சனம் இன்றைக்கும் சொல்லுது. பழி என்று நம்பிச் சொல்லுகிற கதை. நாங்கள் அதில் தலையிடவில்லை.

ஆனால் ரொஜர்ஸை மட்டும் பிடித்துத் திட்டுவது லேசு. ஆனைக்குத் தலைக்கு இத்தனை சிலிங் என்று வெகுமதி கொடுத்தது அரசாங்கம். டெனன்ட் தருகிற எண்களின்படி 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 ஆனைகள் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000. மலைநாட்டில் கோப்பித் தோட்டம் பரவிய காலம் அது. காடும் குறையுது, காட்டில் இருந்ததும் குறையுது.

இதே காலத்தில் கிழக்கில் ஆனையோடு வேறொரு விதமாகப் பழகியவர்களும் இருந்தார்கள். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கர்கள். இவர்களைப் பற்றியும் டெனன்ட் வியந்து எழுதுகிறார். துவக்கில்லை, குதிரையில்லை. தோலில் முறுக்கிய கயிறு ஒன்று. தடத்தைப் பார்த்து, காற்றின் திசை பார்த்து, பின்னால் ஊர்ந்து போய் ஆனையின் பின்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டுகிறவர்கள். பிடித்த ஆனை இந்தியாவுக்குப் போகும். இதுவும் தொழில்தான், இதிலும் ஆனைக்கு நன்மை ஒன்றுமில்லை. என்றாலும் ஆயத்தம் என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் வேறு. துரையின் ஆயத்தம் சாமானில் இருந்தது. பணிக்கரின் ஆயத்தம் முழுக்க அவருடைய உடம்பிலும் அறிவிலும். ட்ரிப்புக்கு என்னென்ன வாங்க வேணும் என்று மூன்று நாளாக அடிபட்ட எங்களுக்கு இந்த இடம் கொஞ்சம் குத்தியது.

பேக்கர் பிறகு ஆப்பிரிக்கா போனார். 1864இல் அல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திய பயணியாகப் புகழ் பெற்றார். ஆப்பிரிக்கா போவதற்கு முதல் அவர் காட்டுப் பயணம் பழகிய இடங்களில் எங்கட காடும் ஒன்று. அந்த மரபின் உச்சம் 1909. அமெரிக்க ஜனாதிபதிப் பதவி முடிந்த கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் மகனோடு கிழக்கு ஆப்பிரிக்கா போனார். கூட நடந்த சுமைகாரர் ஏறக்குறைய 250 பேர். தோல்களைப் பதப்படுத்த 4 தொன் உப்பு. வாசிக்கப் பன்றித்தோல் அட்டை போட்ட புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய. அப்பனும் மகனும் சுட்ட பெரிய மிருகங்கள் 512. அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிக்கிறோம் என்பதுதான் சொன்ன காரணம். இன்றைக்கு நாங்கள் 'சபாரி உடுப்பு' என்று தேடுகிற மண்நிறச் சட்டை, பல பொக்கற் வைத்த ஜக்கெட் எல்லாம் அந்தக் காலத்து வேட்டைக்காரருடைய உடுப்பின் மிச்சம். (மண்நிறம் நல்லதுதான், பளிச்சென்ற நிறத்தைவிடக் காட்டுக்கு அது தோது. அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கிற பழைய சேட் போதும்.)

சுட்டவர்களே சுடாமல் இருக்கச் சட்டம் கேட்டதுதான் அடுத்த கட்டம். 1894இல் இலங்கையில் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அதில் முன்னுக்கு நின்றவர்கள் வேட்டைக்காரத் தோட்டத்துரைமார். மிருகம் தீர்ந்துபோனால் வேட்டையும் தீர்ந்துபோகும் என்ற பயம் அவர்களுக்கு. 1900இல் யால ஒதுக்கிடமானது. அதற்குப் பொறுப்பாக வந்த ஹென்றி ஏங்கல்பிரெக்ட்டின் கதை தனிப்படம் எடுக்கலாம். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊருக்குத் திரும்ப முடியாமல் போனது. காட்டுக்குக் காவலாளியானார். முதலாம் உலகப் போரில், 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று சந்தேகப்பட்டு மறுபடி சிறையில் போட்டார்கள். எங்கட வீடுகளில் துடியான பொடியனை 'எம்டன்' என்று சொல்லுறமே, அதே கப்பல்தான்.

1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்கள் ஆயின. 1949இல் வனஜீவராசிகள் திணைக்களம். நாங்கள் இந்தச் சட்டங்களுக்கு எதிரான ஆட்களில்லை. இவை இல்லாவிட்டால் ட்ரிப் போய்ப் பார்க்க இன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் பத்திரத்தோடு வந்தவனின் வேட்டை விளையாட்டாகவும், பத்திரமில்லாத கிராமத்தவனின் வேட்டை களவாகவும் பிரிந்தது இந்தக் காலத்தில்தான். அதையும் சேர்த்து எழுதாவிட்டால் பாதுகாப்பின் வரலாறு பாதிதான்.

இனிக் கல்லோயா. எங்கட குழுவில் பாதிப் பேர் வாக்களித்த இடம். தமிழில் பட்டிப்பளை ஆறு என்று சொல்லுகிற கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, சுதந்திரத்துக்குப் பின்னான முதல் பெரிய குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை. அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அணைக்குப் பின்னால் தேங்கியதுதான் சேனநாயக்க சமுத்திரம். அதன் நீரேந்து காட்டைக் காக்க 1954இல் கல்லோயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். அதாவது மிருகத்துக்காகப் பூங்கா வரவில்லை. குளத்தில் மண் நிரம்பாமல் இருக்கக் காடு வேணும், காட்டைக் காக்கப் பூங்கா வேணும். ஆனை அந்தக் கணக்கில் தப்பிக்கொண்டது.

அப்போது அம்பாறை என்று தனி மாவட்டம் இல்லை. அது மட்டக்களப்போடு இருந்தது. 1961இல்தான் பிரித்தார்கள். தண்ணீருக்குள் போனதும், வயலாக மாறியதும், பூங்கா எல்லைக்குள் போனதுமான அந்தக் காட்டில் வேடர்கள் வேட்டையாடித் தேன் எடுத்திருக்கிறார்கள். ரத்துகல வேடர் இன்றும் பூங்காவின் ஓரத்தில்தான் இருக்கிறார்கள். 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை, சுதந்திர இலங்கையின் முதல் பெரிய இனக்கலவரங்களில் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது. படகில் போய், தீவுக்குத் தீவு நீந்துகிற ஆனைகளைப் படம் பிடிக்கலாம் என்று விளம்பரம் சொல்லுது. உண்மைதான், நல்ல காட்சி. ஆனால் அந்தத் தண்ணீரின் வயசு எழுபத்துச் சொச்சம் என்று தெரிந்துகொண்டு படகில் ஏறுவோம். 1983இல் மதுறு ஓயாவைப் பூங்காவாக்கியபோதும் இதே கதை. தம்பானைப் பக்கத்து வேடர்களை வெளியேறச் சொன்னார்கள். முதியவர் திசாகாமி மறுத்துத் தன் ஊரிலேயே இருந்து 1998இல் காலமானார்.

இவ்வளவும் மற்றவர்கள் எங்கட காட்டுக்கு வந்த கதை. நாங்கள் ஆயத்தமாகிக் காட்டுக்குள் போன கதை ஒன்றும் இருக்குது. பெட்ச் ட்ரிப் பட்டியலில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். கதிர்காமப் பாதயாத்திரை.

வடக்கில் செல்வச்சந்நிதியில் இருந்தும், வெருகலில் இருந்தும், மட்டக்களப்பின் ஊர்களில் இருந்தும் ஆனி, ஆடியில் சனம் நடக்கும். திருக்கோவில், பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயில். அங்கேயிருந்து காடு. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு தங்கல். அரசாங்க வரைபடத்தில் இந்த இடங்கள் குமனைப் பூங்காவும் யாலவும். யாத்திரைக்காரருக்கு அது முருகனுடைய வழி. ஜீப் இல்லை, துவக்கு இல்லை. விரதம், வெறுங்கால், தலையில் அரிசி, பருப்பு, அவல், பொரிமா. ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் 'சாமி' என்றே கூப்பிடுவார்கள். ஆனை நடமாட்டம் தெரிந்தால் கூட்டமாக நின்று அரோகரா சொல்லுவார்கள். எப்ப நடக்க வேணும், எங்கே தண்ணி, எங்கே படுக்கக் கூடாது என்பதை முன்னம் போனவர் பின்னால் வாறவருக்குச் சொல்லிக் கொடுப்பார்.

இதையும் அரசாங்கம் சும்மா விடவில்லை. கொலராப் பயத்தைக் காட்டி 1870களில் இருந்தே பிரித்தானியர் யாத்திரைக்கு அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃபின் வேலைகளில் ஒன்று கதிர்காமத் திருவிழாவை மேற்பார்ப்பது. குமனைப் பூங்கா 1985இல் மூடப்பட்டு 2003இல்தான் திரும்பத் திறந்தது. போர்க்காலத்தில் யாத்திரையும் சிறுத்துப்போனது. இப்போது வருசத்தில் சில நாள் உகந்தையில் காட்டுவழி திறக்கும், பதிந்துவிட்டு உள்ளே போகலாம். இலங்கையின் மிகப் பழைய காட்டுப் பயண ஆயத்தம் எது என்று கேட்டால் எங்கட விடை இதுதான். சபாரி என்று அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொல்லவும் வேண்டாம்.

வவுணதீவுக்கு வருவோம். வலையிறவுப் பாலம் தாண்டினால் படுவான்கரை. 2007 வரை இந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில், அந்தப் பக்கம் இராணுவம், நடுவில் வவுணதீவுச் சோதனைச்சாவடி. சாமான் பட்டியல் என்ற சொல்லுக்கு எங்கட பெற்றோருக்கு ஞாபகம் வருவது அந்த வரிசைதான். பற்றறி, எண்ணெய், உரம் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாடு. ஆனைக்குக் காவல் இருக்கிறவனுக்கு வேணும் சாமானும் அதுதானே: டோர்ச் லைட்டுக்குப் பற்றறி, பந்தத்துக்கு எண்ணெய், வெருட்ட வெடி. அந்தக் காலத்தில் ராத்திரியில் வெடிச் சத்தம் கேட்டால் ஆனைக்கா ஆளுக்கா என்று யார் கண்டது? இடம்பெயர்ந்து விட்டுப்போன வயலும் மேட்டுநிலமும் பற்றை பிடித்தன. திரும்பி வந்தவர்களுக்கு முதல் ஆனை வந்து நின்றது.

இப்போது மின்வேலி இருக்குது, வனஜீவராசிகள் கந்தோரில் ஆனை வெடி கொடுக்கிறார்கள். மாசி, பங்குனியில் அறுவடை நேரம் உன்னிச்சைப் பக்கம் பரணில் காவல் இருக்கிறவர்களின் ஆயத்தத்தைப் பாருங்க. பொழுது படமுதல் சாப்பாடு, பரணுக்குக் கீழே விறகு, தகரம், வெடி, ஃபோனில் சார்ஜ். காற்று எந்தப் பக்கம், அலியன் தனியா, கூட்டமா, குட்டி இருக்குதா என்று இருட்டில் சத்தத்தை வைத்தே சொல்லுவார்கள். ஜீப்பில் வாற வழிகாட்டிக்குக் கொடுக்கிற மரியாதையை இவர்களுக்கு யாரும் கொடுத்து நாங்கள் காணவில்லை.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 ஆனைகள். இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் ஆனை நடமாடுது, அந்த நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிசரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பூங்காவுக்குள் ஆனை, வெளியே மனிசர் என்று 1938இல் போட்ட கோட்டை ஆனை ஒருநாளும் வாசித்ததில்லை. 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட ஆனைகளும் 100க்கு மேற்பட்ட மனிசரும் செத்தார்கள்.

சரி, ட்ரிப். கல்லோயாப் படகுக்குப் பங்குனி முதல் ஆடி வரை நல்லது. குமனைக் குளத்தில் பறவைகள் கூடு கட்டுவதைப் பார்க்க வைகாசி, ஆனி. யாலவில் பிரதான பகுதியை வறட்சி உச்சத்தில், பெரும்பாலும் புரட்டாதிப் பக்கம், மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போகவேணும். உள்ளூராருக்கு நுழைவுச் சீட்டு மலிவு, காசு தின்னுவது ஜீப். ஏழெட்டுப் பேராகச் சேர்ந்தால் தாங்கும். திணைக்களத்தின் பங்களாவில் தங்கினால் அரிசி, பருப்பு, தேங்காய், படுக்கை விரிப்பு, மெழுகுதிரி எல்லாம் நாங்களே கொண்டுபோக வேணும், அங்குள்ளவர் சமைத்துத் தருவார். பேக்கர் காலத்து ஜங்கிள் ட்ரிப்பின் நேரடி வாரிசு இந்த ஏற்பாடு, சுமைகாரருக்குப் பதில் வான். பிளாஸ்ரிக் பை வேண்டாம், செண்டு வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஆனையைக் கண்டால் ட்ரைவரைக் கிட்டப் போகச் சொல்லி நெருக்கக் கூடாது. பட்டியலில் ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: ஒரு கொப்பி. வழிகாட்டியும் படகோட்டியும் சமையற்காரரும் சம்மதித்தால் அவர்கள் சொல்லுவதை எழுதிக்கொள்ள.

உங்கட வீட்டிலும் யாராவது இருப்பார்கள். துரைமாரோடு காட்டுக்குப் போன மூத்தப்பா, கல்லோயா அணையில் வேலை செய்தவர், பணிக்கர் வழியில் வந்தவர், உகந்தையால் பத்துத் தரம் நடந்த பெத்தம்மா, பரணில் கண்விழித்த மாமா. பழைய படமோ, பத்திரமோ, வெறும் கதையோ, எது இருந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்க. ட்ரிப் முடிந்து வந்ததும் முதலில் வவுணதீவுப் பரண்களுக்குத்தான் போறதாக இருக்கிறோம்.